விலைத்தாள் ஒட்டிய கட்டைகள்

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பொருள் இருந்திருக்கும். வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபாவாக இருக்கலாம். விருந்தாளி வந்தால் மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும் கண்ணாடிக் குவளைகளாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அது ஒரு கீபோர்ட்.

நம் வயதுக்காரர்களில் சிலர் இப்போது பிள்ளைகளை வயலின், பியானோ என்று வகுப்புகளில் சேர்க்கத் தொடங்கிவிட்டோம். போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், மகளுக்கு எந்தக் கீபோர்ட் வாங்கலாம், எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்று கேட்டிருந்தார். ஆளாளுக்கு ஒரு விலை சொன்னார்கள். நானும் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன், கடைசியில் எதையும் அனுப்பவில்லை. அன்று அனுப்பாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஆறாம் ஆண்டு படித்த வருடம் அது. கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளானில் மலிவு விலை அடுக்குமாடி வீடு, நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை. அப்பா பள்ளி வேன் ஓட்டினார். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் ஆண்டுவரை படித்தவர். தன் பெயரை எழுதுவார், எண்கள் எழுதுவார், சாலைப் பலகைகளைப் படிப்பார், அவ்வளவுதான். அம்மாவுக்கு ஒரு மினிமார்க்கெட்டில் சாமான்களுக்கு விலைத்தாள் ஒட்டும் வேலை. மீந்துபோன சுருள்கள் வீட்டுக்கு வரும். ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட சின்னச் சின்ன வெள்ளைத் தாள்கள். என் நோட்டுகளின் பெயர்ச்சீட்டுக்கும், சமையலறை டப்பாக்களின் அடையாளத்துக்கும், தங்கச்சியின் கடை விளையாட்டுக்கும் அவைதான்.

தங்கச்சிக்கு அப்போது ஆறு வயது. கண்ணில் படும் எல்லாவற்றிலும் விலை ஒட்டி, "ஆன்டி, இது ரெண்டு வெள்ளி, குறைக்க முடியாதுலா" என்று தனக்குத்தானே பேரம் பேசிக்கொண்டிருப்பாள். ஒருநாள் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் நெற்றியில் ஐம்பது காசு ஒட்டிவிட்டாள். அவர் தெரியாமல் அப்படியே வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பாவின் வேனில் ஒரு டாக்டர் வீட்டுப் பையன் வருவான். கீபோர்ட் வகுப்புக்குப் போகிறவன். பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு மடியிலேயே விரலால் வாசித்துக்கொண்டு வருவான். அப்பா அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்.

"அவனுக்கு மட்டும் கூடுதலா ரெண்டு கை இருக்கா? நம்ம பையனும் வாசிக்கட்டும்."

"கோயில்லயே சனிக்கிழமை சொல்லிக் குடுக்கிறாங்களாமே. சும்மாவே சொல்லிக் குடுக்கிறாங்க" என்றாள் அம்மா.

"சும்மா குடுக்கிறத எவன் மெனக்கெட்டுப் படிப்பான்? காசு குடுத்தாதான் இவனுக்கும் பயம் இருக்கும், டீச்சருக்கும் பயம் இருக்கும்."

இதை அவர் கர்வத்தில் சொல்லவில்லை. தனக்குச் சும்மா கிடைத்த மூன்று வருடப் படிப்பு எதற்கும் உதவவில்லை என்ற வருத்தத்தில் சொன்னார். கிள்ளானிலேயே கட்டணம் வாங்கும் வகுப்புகள் இருந்தன. ஆனால் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அதைவிடக் கூடுதலாக வாங்கினார்கள். ஆகவே பிரிக்ஃபீல்ட்ஸ். கடையில் மூன்று கீபோர்ட்களைக் காட்டினார்கள். நடுவில் இருந்ததே போதும் என்றார் கடைக்காரர். அப்பா மூன்றாவதை எடுத்தார். ஆயிரத்து எழுநூறு வெள்ளி. வேனின் பின்சக்கரங்கள் இரண்டும் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தன. அவற்றை மாற்றத்தான் அந்தப் பணம் சேர்ந்திருந்தது. அந்த வருடம் முழுக்க மழை வந்தால் அப்பா வேனை உருட்டிக்கொண்டு போவதுபோல் ஓட்டினார். பிள்ளைகள் பள்ளிக்குத் தாமதமானார்கள்.

வீட்டுக்கு வந்த கீபோர்டுக்குப் பூசை நடந்தது. எங்களுக்குத் தெரிந்த பூசை வண்டிப் பூசைதான். அம்மா விபூதி குழைத்து மூன்று பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்தாள். புது வேன் எடுத்தபோது நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்தது அப்பாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. கீபோர்டைச் சாப்பாட்டு மேசைமேல் ஏற்றி, மேசையின் நான்கு கால்களுக்கும் அடியில் ஒவ்வொரு எலுமிச்சையாக வைத்தார். மேசை நகருமா என்ன? கடைசியில் அவரே மேசைமேல் ஏறி உட்கார்ந்து நசுக்கினார். மூன்று நசுங்கின. நான்காவது நழுவி உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. "பரவால்ல, மூணு போதும்" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தக் கீபோர்டைச் சுற்றி நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொமுட்டர் இரயிலில் போவோம். டீச்சரிடம் இருந்த கீபோர்டில் நான் வாசிப்பது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "நம்மகிட்ட நல்லது இருக்கும்போது எதுக்கு அடுத்தவங்களோடது?" தோளில் சுமந்துகொண்டு வருவார். இரயிலில் உட்கார இடம் கிடைத்தால் கீபோர்டைத்தான் உட்காரவைப்பார். வகுப்பு ஒரு பூக்கடைக்கு மேலே, முதல் மாடியில். ஏர்கான் குளிரும், கீழேயிருந்து ஏறி வரும் மல்லிகை வாசனையும், யாரோ வடை சுடும் எண்ணெய் வாசனையும் கலந்து வரும். என்னை விட்டுவிட்டு அப்பா கீழே போய்த் தேநீர் குடித்துக் காத்திருப்பார்.

நான் வீட்டில் வாசிக்கவில்லை. கார் பார்க்கில் பந்து விளையாடப் போனது ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்கே பிறகுதான் புரிந்தது. கை கழுவு, ஈரத்தைத் துடை, மேலே போட்ட துணியை எடு, மடி, அம்மா வைத்த பூவை ஓரமாக வை. அதற்குப் பிறகுதான் ஒரு கட்டையைத் தொட முடியும். தொட்டு, தப்பாக விழுந்தால், சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோகும். கற்றுக்கொள்கிறவன் நூறு முறை தப்பாக வாசிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்வார். ஆயிரத்து எழுநூறு வெள்ளிச் சாமானில் தப்பாக வாசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டீச்சர் கண்டுபிடிக்காமல் இருப்பாரா? "அண்ணே, இவன் வீட்டுல வாசிக்கிறானா?"

"வாசிக்கிறான் டீச்சர்."

"விரல் அப்படிச் சொல்லலியே. போன வாரம் குடுத்ததே இன்னும் வரல."

"மேசை உயரமா இருக்குல்ல, அதனால இருக்கும்."

அடுத்த வாரம் ஸ்டாண்டு வந்தது. மறுபடி பயிற்சி போதவில்லை என்றார் டீச்சர். ஹெட்ஃபோன் வந்தது. அதற்குப் பிறகு காலால் மிதிக்கும் பெடல் வந்தது. டீச்சர் குறை சொல்லும்போதெல்லாம் அப்பா ஒரு பொருள் வாங்கினார். கடைசியில் டீச்சரே கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணே, இனிமே ஒண்ணும் வாங்காதீங்க. தினமும் அரை மணி நேரம் பக்கத்துல உக்காந்து கேளுங்க. அது போதும்."

"நான் வேன் ஓட்டுறவன் டீச்சர். இவன் சரியா வாசிக்கிறானா, தப்பா வாசிக்கிறானான்னு எனக்கு என்ன தெரியும்?"

"கேக்கக் கேக்கத் தெரியும்ணே."



அடுத்த ஞாயிறு, அப்பா கீழே தேநீர்க் கடையில் இருந்த நேரம், டீச்சர் என் கீபோர்டிலேயே ஒரு அம்மன் பாட்டை வாசித்துப் பதிந்து கொடுத்தார். "பதினஞ்சு கட்டைதான், கறுப்புக் கட்டையே கிடையாது. இந்த பட்டனை அமுக்கினா நான் வாசிச்சது கேக்கும். அதோட சேர்ந்து வாசி. வயரைக் கழட்டினாலும் பேட்டரி உள்ளயே இருக்கட்டும், ரெண்டையும் எடுத்தா பதிஞ்சது போயிடும். அப்பாகிட்டயும் பட்டனைக் காட்டு, கேட்டுப் பழகட்டும்."

நான் அப்பாவிடம் காட்டவில்லை.

அந்த மாதம் அத்தை குடும்பம் கேரி தீவிலிருந்து ஒரு வாழைத்தாரோடு வந்தது. சாப்பிட்டு முடித்ததும் அப்பா துணியை எடுத்துவிட்டு, "அத்தைக்கு ஒண்ணு வாசிச்சுக் காட்டு" என்றார். ஸ்டாண்டில் நின்ற கீபோர்டுக்குப் பின்னால் நான், முன்னால் அவர்கள். கட்டைகள் அவர்களுக்குத் தெரியாது. இடது ஓரத்தில் இருந்த அந்த பட்டனை அமுக்கினேன். பாட்டு வந்தது. விரல்களைக் கட்டைகளுக்கு மேல் படாமல் ஆட்டினேன்.

"மச்சான், டிவில வர்ற மாதிரியே இருக்குலா!" என்றார் மாமா. அத்தை என் கன்னங்களை வழித்து நெட்டி முறித்தாள். அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரரிடம், "கேட்டுச்சா? நம்ம பையன்தான்" என்று சொன்னது உள்ளே கேட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு, ஏமாத்திட்டேன் என்று சொல்லியிருந்தால் ஒரு விளையாட்டாக முடிந்திருக்கும். இரண்டு நிமிடம் தள்ளிப்போட்டேன். பிறகு முடியவே இல்லை.

அப்பா சும்மா இருக்கவில்லை. எங்கள் கோயிலில் நவராத்திரியின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். அன்றைய பூசைச் செலவு அவர்களுடையது. உபயக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு மேடையில் ஒரு நிகழ்ச்சியும் உண்டு. தனியாக எடுக்க அப்பாவுக்கு வசதியில்லை. வேன் ஓட்டும் நண்பர்கள் ஐந்து பேரைச் சேர்த்து, ஒரு நாளை எடுத்துவிட்டார். "என் பையன் வாசிக்கிறதைக் கேட்டா அசந்துருவீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் சேர்த்தார் என்று எனக்குத் தெரியும். நான் முன்சீட்டில்தானே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது எனக்கு மூன்று வாரம் இருந்தது. பதினைந்து கட்டைகள். இன்று கணக்குப் போட்டால் அழுகை வருகிறது. ஆனால் பட்டன் இருக்கும்போது அந்த வயதில் யார் உட்கார்ந்து படிப்பார்கள்? ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றேன்.

அந்த நேரத்தில்தான் கட்டைகளில் விலைத்தாள் முளைத்தது. ஒருநாள் பள்ளி விட்டு வந்து துணியைத் தூக்கிப் பார்த்தால், வெள்ளைக் கட்டைகளில் வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினைந்து வரை ஒட்டியிருந்தது. எனக்கு யாரென்று யோசிக்கவே தேவைப்படவில்லை.

"உன் கடை விளையாட்டுக்கு இதுதான் கிடைச்சுதா?"

"நான் ஒட்டல."

"அப்புறம் யாரு? உன் முதலாளியா?"

முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் வாசல் பக்கம் பார்த்தாள். தாள்களையெல்லாம் பிய்த்துப் போட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி ஒட்டியிருந்தது. மறுபடி ஒரு அடி. அதற்கு மறுநாளும் இருந்தது. எப்படியோ போகட்டும், எனக்குத் தேவை ஒரு பட்டன்தானே என்று விட்டுவிட்டேன்.

மேல் மாடி மலாய்க்கார அம்மா, எங்களுக்கு மக்சிக், ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, நீ ரொம்ப ராஜின், உழைப்பாளி, தினமும் காலையில் ஒரே பாட்டை விடாமல் வாசிக்கிறாயே என்று மலாயில் பாராட்டினார். காலையில் நான் பள்ளியில் இருப்பேன். அதுவும் தங்கச்சியின் வேலை என்றே முடிவு கட்டினேன். பாலர் பள்ளி விட்டு அவள் பத்தரை மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாளே.

இன்னொன்றும் அப்போது நடந்தது, நான் கவனித்தும் கவனிக்காதது. ஜாமில் வேன் நிற்கும்போது அப்பா ஸ்டீயரிங்கில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருப்பார். டக், டக்டக், கொஞ்சம் நின்று, டக். இடையில் வெயில் மறைப்பில் செருகியிருந்த பெட்ரோல் ரசீதை எடுத்து, பின்பக்கம் பார்ப்பார். அதில் வரிசையாக எண்கள். பிள்ளைகளின் வேன் கட்டணம் என்று நினைத்தேன். பின்னால் இருந்து எல்லோரும் கத்துவார்கள்: "அங்கிள், பச்சை விழுந்துருச்சு! அங்கிள்!"

உபய நாள் வந்தது. பள்ளி விட்டு வந்ததும் கீபோர்டைத் துடைக்க உட்கார்ந்தேன். மேடையில் எல்லோரும் பார்ப்பார்கள் அல்லவா, விலைத்தாளோடு கொண்டு போனால் சிரிப்பார்களே. சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள்: "வயரைக் கழட்டிட்டுத் தொடை, ஷாக் அடிக்கும்!" கழற்றினேன். ஈரம் உள்ளே போய்விடக்கூடாதே என்று பேட்டரி ஆறையும் எடுத்து வெளியே வைத்தேன். தாள்களை நனைத்து நகத்தால் சுரண்டினேன். பசை போகவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். பதினைந்தையும் ஒரு உருண்டையாக உருட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். பேட்டரிகளைத் திரும்பப் போட்டு மூடினேன். கடையில் இருந்தபோதுகூட அது அப்படி மின்னியதில்லை.

மத்தியான ஓட்டம் முடிந்து அப்பா வந்தார். குளித்து வேட்டி கட்டிக்கொண்டு, கீபோர்டைத் தூக்க வந்தவர் அப்படியே நின்றார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டியா?"

"ஆமாப்பா. தங்கச்சி ஒட்டி அசிங்கம் பண்ணி வெச்சிருந்தா."

அப்பா ஒரு கட்டையை வேட்டி நுனியால் மெதுவாகத் துடைத்தார். "ம். பளபளன்னு இருக்கு" என்றார்.

மேடையில் எனக்கு முன்னால் என் வகுப்புப் பெண் ஒருத்தி. கோயில் சனிக்கிழமை வகுப்பில் படித்தவள். ஒன்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆர்மோனியம். மற்றவர்கள் வரும் முன்னால் வாசிக்க வேண்டுமென்று ஒரு மணி நேரம் முன்பே வந்து, கோயில் கேட் திறக்கக் காத்திருப்பாள் என்று சொல்வார்கள். அந்த ஆர்மோனியத்தில் காற்று கசியும், ஒரு கட்டை பேசவே பேசாது. அந்தக் கட்டை வரும் இடத்தில் அவள் அந்த ஸ்வரத்தைக் குரலில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். கூட்டத்தில் பாதிப் பேர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன்.

இறங்கி வரும்போது என் கீபோர்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். "இது எவ்வளவு?"

"ஆயிரத்து எழுநூறு."

"அம்மாடி! அப்ப தானாவே வாசிக்கும் போல!"

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். நான் அந்த பட்டனைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

கோயில் தலைவர் மைக்கில் அப்பாவின் பெயரைச் சொல்லி, இன்றைய உபயக்காரரின் புதல்வர் என்று என்னை அழைத்தார். முதல் வரிசையில் வேன்காரர்கள் ஐந்து பேரும் புது வேட்டியில், மனைவி மக்களோடு. நான் நின்றேன். கும்பிட்டேன். பட்டனை அமுக்கினேன்.

எதுவும் வரவில்லை.

மறுபடி அமுக்கினேன். திரையில் மூன்று சிறு கோடுகள் தெரிந்தன. டீச்சர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வயரும் பேட்டரியும், ரெண்டையும் எடுத்தால். என் கையாலேயே துடைத்து அழித்திருக்கிறேன்.

"தம்பி, ஆரம்பிக்கலாம்" என்றார் தலைவர். மின்விசிறிச் சத்தம் மைக்கில் பெரிதாகக் கேட்டது. வேன்காரர் ஒருவர், "டேய், கியரைப் போடுடா!" என்றார். கூட்டம் சிரித்தது. நான் கட்டைகளைப் பார்த்தேன். எல்லாம் ஒரே வெள்ளை. எது எதுவென்று எனக்குத் தெரியாது. மூன்று வாரத்தில் ஒருநாள் உட்கார்ந்திருந்தால்கூட முதல் கட்டையாவது தெரிந்திருக்கும்.

அப்பா எழுந்து மேடைக்கு வந்தார். என் பக்கத்தில் நின்று, யோசிக்காமல், தேடாமல், நேராக அந்த பட்டனில் விரலை வைத்து அமுக்கினார். அறுபது பட்டன்களுக்கு நடுவில் அது எதுவென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வலது கை ஆள்காட்டி விரலைக் கட்டைகளுக்கு மேல் கொண்டுபோனார். விரல் அந்தரத்திலேயே முன்னும் பின்னும் எதையோ தேடியது. உதடு அசைந்தது, இடதிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். அந்த விரல் எதைத் தேடுகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் குப்பையில் போட்ட எண்களைத் தேடியது.

முதல் வரி வந்தது. ஒற்றை விரலில், ஒவ்வொரு கட்டையாக, இடைவெளி விட்டு விட்டு. ஆனால் அந்தப் பாட்டுதான். ஒலிபெருக்கி வழியாக வெளியே சாலைவரைக்கும் அது கேட்டிருக்கும். இரண்டாவது வரிக்குக் கை தூரமாகத் தாவ வேண்டும். தாவிய விரல் தப்பான கட்டையில் விழுந்தது. திரும்ப வந்து தேடினார். கிடைக்கவில்லை. விரலை எடுத்துவிட்டார்.

யாரோ இரண்டு முறை கைதட்டி நிறுத்தினார்கள். அப்பா மைக்கைப் பிடித்து, "மன்னிக்கணும். வயர்ல கோளாறு. புள்ள நல்லா வாசிப்பான்" என்றார். கீபோர்டைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார்.

அந்தப் பொய்தான், நண்பர்களே, இன்றுவரை எனக்குச் சீரணமாகவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு நான் பிரிக்ஃபீல்ட்ஸ் போகவில்லை. "இஷ்டம் இல்லன்னா விடு" என்றார் அப்பா. ஜாமில் வேன் நின்றால் அவர் கை ஸ்டீயரிங்கில் சும்மா கிடந்தது. கீபோர்ட் ஒரு வருடம் துணிக்கு அடியில் இருந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை, அப்பா அதைக் கோயில் வகுப்புக்குக் கொடுத்துவிட்டு வந்தார். சும்மாவே கொடுத்தார். அந்த வாரமே வேனுக்குப் பின்சக்கரம் இரண்டும் மாறியது.

மீதிக் கதையைத் தங்கச்சி சொன்னாள். அவள் வேலைக்குப் போன முதல் சம்பளத்தில் காஜாங்கில் குச்சியில் சுட்ட சாத்தே இறைச்சி வாங்கிக் கொடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டே சிரித்தாள்.

"அந்த விலைத்தாளுக்காக என்னை ரெண்டு தடவை அடிச்ச, ஞாபகம் இருக்கா?"

"நீ ஏன் அப்பாதான்னு சொல்லல?"

"அப்பா சொல்லாதேன்னாரு. காலை ஓட்டம் முடிஞ்சு வந்து உக்காந்துடுவாரு. என்னை பாலர் பள்ளியில இருந்து கூட்டிட்டு வந்த பிறகும் மத்தியானம் வரைக்கும் வாசிப்பாரு. பாட்டு எப்படிப் போகுதுன்னு தெரியலம்மான்னாரு. நீ அமுக்குற பட்டனை நான்தான் காட்டினேன்." சாத்தே குச்சியைத் தட்டில் வைத்தாள். "அது தானா பாடினதும் அப்பா அதையே மறுபடி மறுபடி அமுக்கிக் கேட்டாரு. அப்புறம், அண்ணன்கிட்ட சொல்லாதே, அவனே ஒருநாள் வாசிப்பான்னு சொன்னாரு. அதுக்கப்புறமும் தினமும் வாசிச்சாரு."

"எதுக்கு?"

"டீச்சர் பக்கத்துல உக்காந்து கேக்கச் சொன்னாங்களாம்ல. கேக்கணும்னா முதல்ல எனக்குத் தெரியணும்லன்னாரு."

அத்தனை நாள் எனக்குப் பக்கத்தில் உட்காரத்தான் அவர் தயாராகிக்கொண்டிருந்தார். நான் உட்காரவே இல்லை.

அதைக் கேட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் வாங்கியவன், நல்ல வேலையில் இருக்கிறவன். என்ன செய்தேன் தெரியுமா? போன மாதம் அப்பாவுக்கு ஒரு கீபோர்ட் வாங்கினேன். கடையில் மூன்று காட்டினார்கள். நானும் மூன்றாவதைத்தான் எடுத்தேன்.

"இது யாருக்குலா?" என்றார் அப்பா.

"உங்களுக்குத்தான்."

"எனக்கு எதுக்கு இவ்வளவு பெருசு?"

பெட்டி பிரிக்காமல் சுவரோரம் நிற்கிறது. அம்மா அதன்மேல் துணி விரித்துப் பூச்சாடி வைத்துவிட்டாள். பணத்தால் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவர முடிகிறது. அதற்கு மேல் அதனால் ஆகாது. நம் குழுவில் கேட்ட நண்பருக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். மலிவானதையே வாங்குங்கள். பிள்ளை அதில் பயமில்லாமல் தப்பாக வாசிக்கட்டும். முடிந்தால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் சாப்பாட்டு மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். எலுமிச்சை நசுக்கிய அதே மேசை. ஏதோ ஒரு தைரியத்தில் கேட்டேன்.

"அப்பா, அந்தப் பாட்டு ஞாபகம் இருக்கா?"

எந்தப் பாட்டு என்று அவர் கேட்கவில்லை. குவளையை நகர்த்தி வைத்தார். ஆள்காட்டி விரலை மேசையில் வைத்தார். டக், டக்டக், கொஞ்சம் நின்று, டக். முதல் வரி முடிந்தது. கை தூரமாகத் தாவியது. இரண்டாவது வரி. மேடையில் விரல் தடுமாறிய அந்த இடத்தைத் தாண்டிப் போனார். மூன்றாவது, நான்காவது. ஓரிடத்தில் நின்று, தலையை ஆட்டிக்கொண்டு, இரண்டு தட்டு பின்னால் போய்த் திருத்திக்கொண்டு வந்தார். பதினெட்டு வருடம். பாட்டு முழுவதும் அவர் விரலில் இருந்தது.

முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சரியா இருந்துச்சா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"தெரியலப்பா" என்றேன். "நான் கத்துக்கவே இல்ல."

"தெரியும்டா" என்றார் அப்பா. விரலை மறுபடி மேசையின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோய், முதலிலிருந்து தொடங்கினார்.